தரையில் கண்ட எலி

ஆராய்ச்சிக்கூடத்து எலியறையில் மீறவே கூடாத சட்டம் ஒன்று உண்டு. கூண்டுக்கு வெளியே, தரையில் கண்ட எலியைத் திரும்பக் கூண்டில் போடக் கூடாது, கொன்றுவிட வேண்டும். அது எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல ஆள் கிடையாது. அங்கே எல்லா எலியும் வெள்ளை, எல்லாவற்றுக்கும் சிவந்த கண்.

அறையைப் பார்த்துக்கொண்டவருக்குப் பூனை என்று பட்டப்பெயர். காலடிச் சத்தமே கேட்காமல் நடப்பார். எலிகளைக் கொல்லும் வேலையும் அவருடையதுதான் என்பதால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சி மாணவி மட்டும் அவரை அண்ணே என்பாள். எலியின் கழுத்தை முறிக்க அவளால் ஆகாது. "நீ வெளிய நில்லு தங்கச்சி, நான் பாத்துக்கறேன்" என்று அவர் கதவைச் சாத்திக்கொள்வார். இத்தனை வருடமும் அவள் கையில் பாவம் ஒட்டாமல் முனைவர் படிப்பு நடந்தது இப்படித்தான்.

ஸ்ட்ரெயின் என்றால் என்ன என்று அவர் ஒருமுறை கேட்டார். புத்தகத்தில் தூய கால்வழி என்று போட்டிருக்கும் என்றாள். அண்ணன் எலியையும் தங்கை எலியையும் இணைசேர்க்க வேண்டும். அதுகளின் குட்டிகளிலும் அண்ணன் தங்கையையே சேர்க்க வேண்டும். இருபது தலைமுறைக்குக் குறையாமல் இப்படி ஓட்டினால்தான் அதற்கு ஸ்ட்ரெயின் என்று பேர், அதுவரை வெறும் எலிதான். அப்புறம் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றின் தோலை வெட்டி இன்னொன்றின் முதுகில் ஒட்டினால், தன் தோல் என்றே நம்பி உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

அவர் முகத்தைச் சுளித்தார். "கேக்கவே நல்லா இல்ல தங்கச்சி. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத."

ஒருநாள் காலையில் அவளுடைய கூண்டு ஒன்றின் மூடி சரியாகச் சாத்தாமல் கிடந்தது. முந்தைய நாள் சாத்தாமல் போனவள் அவள்தான். உள்ளே சினை எலி ஒன்றைக் காணவில்லை. அலமாரிக்கு அடியில் சினை எலி ஒன்று சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை உள்ளங்கையில் அள்ளினார்.

"சட்டப்படி முறிச்சுடணும்," என்றார் அவர்.

"ஒண்ணு காணோம், ஒண்ணு கிடைச்சிருக்கு. வேற எங்கேர்ந்துண்ணே வரப்போகுது? போட்டுருங்க."

போட்டார். சில நாள் கழித்துக் கூண்டில் மரத்தூள் மாற்றும்போது அடியில் ஒரு வாலும் கொஞ்சம் எலும்பும் கிடைத்தன. காணாமல் போனது எங்கேயும் போகவில்லை. செத்ததை உடனிருந்த எலிகள் தின்று தீர்த்திருந்தன. அவர் அதைக் காகிதத்தில் மடித்து அவளிடம் காட்டினார். தரையிலிருந்து வந்த எலி அதற்குள் பக்கத்துக் கூண்டின் வேறு ஸ்ட்ரெயின் குட்டிகளை அந்தக் கூண்டிலேயே ஈன்றிருந்தது. அப்போது வாயைத் திறந்திருந்தால் அந்த ஒரு கூண்டின் எலிகளோடு முடிந்திருக்கும். "பழைய வாலா இருக்கும்ணே" என்றாள் அவள். அவரும் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து, மற்றவற்றோடு கலந்து, கூண்டு கூண்டாகப் பெருகின. அவளுடைய ஆய்வேடு முடியும் தறுவாயில் அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை, ஓர் எலியின் தோலை இன்னொன்றின் முதுகில் தானே ஒட்டிப் பார்த்தார். ஒட்டிய தோல் கறுத்துச் சுருங்கி, பொருக்காக உதிர்ந்தது.

இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"ஸ்ட்ரெயின் செத்துப்போச்சு. உயிரோட இருக்கறது வெறும் எலிங்க. தரையில கிடந்ததை யாரோ உள்ள போட்டிருக்காங்க. போட்டவங்களும் சரி, போடச் சொன்னவங்களும் சரி, இன்னையோட வெளிய போயிடணும்."

"நான்தான் போட்டேன் மேடம்," என்றார் பூனை. சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். மீதியை அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்.

"நீ அப்ப அங்க இருந்தியா?" என்று பேராசிரியை அவளைக் கேட்டார்.

வீட்டில் அம்மா அவளை இப்போதே டாக்டர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

"இல்ல மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பூனை அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "ஆமா மேடம். அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

அவர் கதை அதோடு முடிந்தது. அவள் பிழைத்தாள். புதிய ஜோடி வரவழைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பேராசிரியை சொன்னார். அதற்கு முன் பழைய கூண்டுகள் மொத்தமும் காலியாக வேண்டும். "ஆளத்தான் அனுப்பியாச்சே. நீயே பண்ணிடு."

எலியறை வாசலில் பூனை சாவியை நீட்டினார். கையில் சாப்பாட்டுப் பையும் வீட்டுச் செருப்பும் இருந்தன. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"கழுத்துக்குப் பின்னால பென்சிலை அழுத்திக்கிட்டு, வாலை அடியில பிடிங்க மேடம். ஒரே இழுப்பா இழுக்கணும். தயங்கித் தயங்கி இழுத்தா அதுக்கு வலிக்கும்."

வழக்கம்போல் சத்தமில்லாமல் நடந்து போனார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முதல் எலியைப் பிடித்தாள். அது அவளைத் தெரிந்த எலி, கடிக்கவில்லை. பென்சிலை வைத்து இழுத்தாள்.

தயங்கித்தான் இழுத்தாள்.