அணைந்தால் ஆமாம்

சுவிட்சை அணைத்த பிறகும் படிக்கட்டு பல்பு எரிவதை முதலில் பார்த்தது தம்பிதான். எரிந்தது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. கண்ணாடிக் குண்டுக்குள் இருந்த இழை மட்டும், சாம்பல் மூடிய கங்கு போலச் சிவந்து கிடந்தது. அந்தப் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. நட்டநடுப் பகலிலும் கும்மிருட்டு. தான் ஏறி முடிக்கும்வரை அந்தச் சிவப்பு தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவன் அக்காவிடம் சொன்னான்.

"பல்பு எங்கேயாவது பார்க்குமாடா?"

"நீ வந்து பாரு. அப்புறம் பேசு."

அக்கா பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது, டீச்சர்தான். தம்பி பேக்கரியில் மாவு பிசைகிறவன். விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவான். பன்னு என்ற பட்டப்பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டு, இப்போது அக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். இருவரும் இந்த மாடிக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ரேடியோ ரிப்பேர் செய்தவர். போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் வேலை பார்த்த பின்னறையின் கதவு எப்போது பார்த்தாலும் சாத்தியே இருந்தது.

டீச்சர் வந்து பார்த்தபோது பல்பு சாதுவாக இருண்டிருந்தது. "மாவு கண்ணுல விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அந்த வாரமே அவளும் பார்த்தாள். கோடை விடுமுறை, சாப்பிட்டுவிட்டுக் குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தால், தலைக்கு மேல் சிவப்பு இழை. சுவிட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. அணைத்தாள். மறுபடி கங்கு. குப்பைப் பையோடு அப்படியே நின்றாள். சற்று நேரம் கழித்து, யாரோ விரலால் அழுத்தியது போல அது அணைந்தது. அவள் கை சுவிட்சின் பக்கத்திலேயே இல்லை.

"கரண்ட் சும்மா வராது" என்று அன்று தம்பியிடம் சொன்னாள். "போக ஒரு வழி வேணும், திரும்பி வர ஒரு வழி வேணும். சுத்தி வந்து சேர்ந்தாத்தான் ஓடும். எங்கே அறுந்தாலும் நின்னுடும். சுவிட்ச்ங்கறதே அந்த வழியை அறுக்கறதுக்குத்தான்."

"நாமதான் அறுத்துட்டோமே. அப்புறம் எந்த வழியா வருது?"

"அதான் எனக்கும் புரியல."

அக்காவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுதான் அவனுக்குப் பல்பைவிடப் பயமாக இருந்தது.

புரிந்தது வேறொரு மதியத்தில். சுவிட்ச் அணைந்தே இருக்க, பல்பு திடீரென்று முழு வெளிச்சத்தில் எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே எரிந்து, பழையபடி கங்காக அடங்கியது. டீச்சர் படியில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இந்த பல்பு தனியா இல்லடா. இன்னொரு சாமானோட ஒரே வரிசையில கோத்து நிக்குது. அந்தச் சாமான் வழியா வர்ற கரண்ட்தான் நம்ம பல்பு வழியா திரும்பிப் போகுது. அங்க சின்ன விளக்கு எரிஞ்சா, அதுக்குத் தடை அதிகம். ரெண்டும் பங்கு போட்டுக்கும், ரெண்டும் மங்கலா எரியும். அதே இடத்துல கெட்டில் மாதிரி ஏதாவது வெச்சா, அதுல தடை ரொம்பக் கம்மி. பங்கு முழுக்க நம்ம பல்புக்கு வந்துடும். இங்க பளிச்சுனு எரியும், அங்க தண்ணி சூடே ஆகாது."

"அங்க அங்கன்னா எங்க?"

டீச்சர் பக்கத்துச் சுவரைக் கையால் தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறை.

பன்னு சுவரிலிருந்து தோளை எடுத்துக்கொண்டான். "உள்ள யாரோ இருக்காங்கன்னு சொல்றியா? இல்ல, இல்லாத யாரோ இருக்காங்கன்னு சொல்றியா?"

"விளக்கைப் போடறவங்க இருக்காங்க. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். நாம இந்தச் சுவிட்சைப் போட்டா, அந்த விளக்கோட ரெண்டு முனையிலயும் ஒரே அழுத்தம் வந்துடும். ரெண்டு பக்கமும் சமமா இருந்தா கரண்ட் ஏன் ஓடப்போகுது? இங்க எரிஞ்சா அங்க அணையணும். நீ கொல்லைப்பக்கம் போய் பாரு."

பின்னறை ஜன்னலில் பலகை அடித்திருந்தது. பலகைகளுக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பன்னு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கே போய்க் குனிந்தான். மாடிக் கதவருகே டீச்சர் ஒரு கையில் போனும், மறு கை சுவிட்சிலுமாக நின்றாள்.

"எரியுதுக்கா" என்று கிசுகிசுத்தான். "மேசை விளக்கு. அழுது வடியுது."

அவள் போட்டாள்.

"அணைஞ்சுடுச்சு."

அணைத்தாள்.

"எரியுது."

டீச்சருக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தப்பாகக் கோத்த ஒரு வயர். அந்த நிம்மதியில், கணக்கைச் சரிபார்ப்பது போல இன்னொரு தடவை சுவிட்சை அழுத்தினாள். அதே நேரத்தில் போனுக்குள் வேறொரு குரல் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, எக்ஸ்சேஞ்சில் பழகிய குரல்.

"இன்னிக்கும் மாத்திரை வேணாமா? ஆமான்னா அணைச்சு சொல்லுங்க."

படிக்கட்டு பல்பு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் உள்ளே விளக்கு அணைந்திருக்கிறது.

"சரி" என்றது அந்தக் குரல். "நீங்க சொன்னா சரி."

பலகை இடைவெளி வழியே வெள்ளையாக ஏதோ வெளியே வந்து பன்னுவின் காலருகே விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். ஈர மண்ணில் மாத்திரைகள் சிதறிக் கிடந்தன. சில கரைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தன. சில உருக்குலைந்திருந்தன. இப்போது விழுந்தது மட்டும் முழுசாக இருந்தது.

வீட்டுக்காரம்மாவின் கால்கள் கொஞ்ச நாளாக வீங்கியிருந்ததும், வாசல் வரை நடந்தாலே அவர் மூச்சு வாங்கியதும் இருவருக்கும் தெரியும். வயசாகிறது என்று நினைத்திருந்தார்கள். படிக்கட்டில் எத்தனை தடவை விளக்கைப் போட்டிருப்போம் என்று டீச்சர் நினைத்துப் பார்த்தாள். பால் வாங்க, குப்பை கொட்ட, காய்ந்த துணியை எடுத்துவர. அதில் எது எதற்கு ஆமாம் ஆனதோ.

கீழே போய்ப் பின்னறைக் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரம்மா திறந்தார். திடுக்கிடவில்லை. உள்ளே முதுகு திறந்த ரேடியோக்கள் அலமாரி முழுக்க வரிசையாக இருந்தன. மேசையில் சின்ன விளக்கு, பக்கத்தில் கெட்டில், மாத்திரை அட்டை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி.

"உக்காருங்க" என்றவர், பன்னு அந்தக் காலி நாற்காலியை நோக்கிப் போனதும், "அதுல வேணாம்ப்பா" என்றார்.

டீச்சர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். இந்த விளக்குக்குத் திரும்பிப் போகும் வயரை யாரோ படிக்கட்டு பல்போடு சேர்த்துவிட்டார்கள். மேலே சுவிட்சைப் போட்டால் இது அணையும். இவ்வளவு நாளும் பதில் சொன்னது தாங்கள்தான், தெரியாமல்.

வீட்டுக்காரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். "கிராஸ் டாக்" என்றார் கடைசியில். "எங்க எக்ஸ்சேஞ்சுல தினமும் நடக்கும். ரெண்டு பேர் பேசற லைன்ல மூணாவது ஆள் புகுந்துடுவான்." கெட்டிலைத் தொட்டார். "அவருக்கு டீ போடலாம்னு இதை வெச்சேன். தண்ணி சூடே ஆகல, விளக்கும் அணைஞ்சுடுச்சு. வேணாமான்னு கேட்டேன், இருட்டாவே இருந்துச்சு, ஆமாங்கறார்னு நெனச்சேன்."

"இல்லம்மா. அது தடை கம்மியா இருக்கறதால."

"சரி. நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவர் பேச ஆரம்பிச்சது நீங்க வர்றதுக்கு முன்னாடியே. மாடியை வாடகைக்கு விடலாமான்னு கேட்டேன். அணைஞ்சுது. அதனாலதான் உங்களுக்கு விட்டேன்."

"அப்போ லூஸ் கனெக்ஷனா இருந்திருக்கும். காத்துல கூட ஆடி அணையும்."

"இருக்கலாம். அவர் போனப்புறம் மழையில இந்த ரூமுக்குக் கரண்ட் நின்னுபோச்சு. ஒரு வயர்மேன் வந்து என்னவோ மாத்திப் போட்டான். விளக்கைப் போட்டுப் பார்த்தான், எரியல. நாளைக்கு வர்றேன்னு போனவன் போனவன்தான். அன்னிக்கு சாயங்காலம் மனசு கேக்காம நான் வந்து போட்டேன். எரிஞ்சுது."

பன்னு அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, நாம வந்தப்போ படிக்கட்டுல பல்பே இல்ல. ஹோல்டர் காலி. நான்தான் வாங்கிட்டு வந்து போட்டேன்."

டீச்சருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. படிக்கட்டில் பல்பு இல்லையென்றால் திரும்பும் வழி அங்கேயே அறுந்துவிட்டது. வயர்மேன் போட்டபோது எரியாதது சரி. அதன் பிறகு, அவர்கள் குடிவரும்வரை, இந்த விளக்கு எரிந்திருக்கவே முடியாது. லூஸ் கனெக்ஷன் எரிகிற விளக்கை அணைக்கும். வழியே இல்லாத விளக்கை எரிய வைக்காது.

"உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஹோல்டர்ல சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. தொடைச்சுட்டுத்தான் போட்டேன்."

"எடுத்துட்டு வா" என்றாள் டீச்சர். "அந்த பல்பைக் கழட்டி எடுத்துட்டு இங்க வா. சுவிட்ச் அணைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வா."

அவன் போகும்போது மேசை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. படியேறும் காலடி கேட்டது. பிறகு விளக்கு அணைந்தது. அறை முழுக்க இருட்டு; பலகை இடைவெளிகள் வழியே மட்டும் வெயில் நூல் நூலாக உள்ளே வந்தது. பன்னு பல்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

டீச்சர் மேசை விளக்கின் சுவிட்சைத் தானே அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எரியவில்லை. மறுபடியும் செய்தாள். எரியவில்லை. பள்ளியில் இதை எத்தனையோ தடவை செய்துகாட்டியிருக்கிறாள்.

"பார்த்தீங்களாம்மா? வழி அறுந்தா எரியாது. இவ்வளவுதான்."

வீட்டுக்காரம்மா காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

விளக்கு இருட்டாகவே இருந்தது.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்க இல்லையாம். இப்போ நீங்களே சொல்லுங்க. நிறுத்தட்டுமா? ஆமான்னா இப்படியே இருட்டா விட்டுடுங்க. வேணாம்னா எரியுங்க."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு விளக்கின் இழையில், ஓரிடத்தில் மட்டும், ஊசிமுனை போலச் சிவந்தது. அந்தச் சிவப்பு இழையின் நீளத்துக்கும் மெதுவாகப் பரவியது. மேசையின் விளிம்பு தெரிந்தது, மாத்திரை அட்டை தெரிந்தது, வீட்டுக்காரம்மாவின் முகம் தெரிந்தது. பின்னால் பன்னு தொண்டைக்குள் ஏதோ முனகினான். டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அவன் உள்ளங்கையில் எந்த வயரும் தொடாமல் கிடந்த பல்பும் கங்காகச் சிவந்திருந்தது. அதைக் கீழே போடவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் அவன் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

"சுடுதா?" என்று கேட்டாள். கேட்க வேறொன்றும் தோன்றவில்லை.

"இல்ல. சில்லுனு இருக்கு."

வீட்டுக்காரம்மா அவசரப்படாமல் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, கெட்டிலில் இருந்த தண்ணீரையே ஊற்றிக் குடித்தார். விழுங்கியதும் இரண்டு இழைகளும் ஒன்றாக அணைந்தன.

"வேற ஒண்ணும் இல்ல" என்று நாற்காலியிடம் சொன்னார். "வெச்சுடறேன்."

மறுநாள் காலையில் டீச்சர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஏணி வைத்து ஏறி, கூரையோரத்தில் வயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தாள். நினைத்தது போலவேதான் இருந்தது. பின்னறையின் திரும்பும் வயர், இடம் மாறி, படிக்கட்டு பல்பின் வயரோடு முறுக்கப்பட்டிருந்தது. அதைப் பிரித்துச் சரியான இடத்தில் சேர்த்தாள். கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் பார்த்த பிறகும் ஒவ்வொரு வயரையும் தொடுமுன் கை தயங்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டான். பார்க்கலாம் என்றாள். பார்க்கவில்லை. அவனும் பிறகு கேட்கவில்லை.

மேசை விளக்கு இப்போது முழுசாக எரிந்தது. வீட்டுக்காரம்மா ஒரே ஒரு தடவை வந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "இவ்வளவு வெளிச்சத்துல அவருக்குப் பேச வராது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அறையைப் பூட்டினார், ஆனால் விளக்கின் பிளக்கைப் பிடுங்க விடவில்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மழை தொடங்குவதற்குள் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மதியமானால் வீட்டுக்காரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறி மேலே வருவார். பன்னு கொண்டுவந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டுத் தின்றுவிட்டு, அவர்கள் எதிரிலேயே மாத்திரையைப் போட்டுக்கொள்வார். ஒருநாள் டீச்சரைப் பார்த்து, "அன்னிக்கு எரிஞ்சுதே, நீ படிச்சதுல அதுக்கு ஏதாவது பேர் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் டீச்சர்.

"பரவால்ல" என்றார் அவர், தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபடி.