கொலுசுச் சத்தம் நின்ற இடம்

வேணு முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு முதுகுதான் மிச்சம். பஸ் ஓட்டுகிற மனுஷன், கண் எப்போதும் ரோட்டில்தான். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் தனம் அவரோடு எத்தனையோ முறை கிரிவலமாக மலை சுற்றிவிட்டாள். அத்தனை முறையும் பத்தடி முன்னால் அந்த முதுகு போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பங்குனி மாதத்துக் காலை. தார் ரோட்டை விட்டு அடிவாரத்துக் காட்டுப்பாதையில் இருவரும் நடந்தார்கள். மாசியில் மொட்டையாக நின்ற புங்கமரங்கள் இப்போது எண்ணெய் தடவினாற்போலத் தளிர்விட்டிருந்தன. மேட்டில் புரசு செக்கச்செவேலென்று பூத்திருந்தது. தனத்துக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பதினாறு வருஷம் கழித்து, நாற்பது வயசில் அவளுக்கு டீச்சர் வேலை வந்திருக்கிறது. அதுவும் எங்கே, ஜவ்வாது மலைமேல். திங்கட்கிழமை சேர்ந்து, அங்கேயே தங்க வேண்டும். மூன்று நாளாகக் கேட்கிறாள். "பாக்கலாம்" என்பதற்கு மேல் வேணு வாய் திறக்கவில்லை. அவர் வேண்டாமென்றால் அவள் போக மாட்டாள். அதை நினைத்தால் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏங்க, இன்னைக்காவது சொல்லுங்க. போவட்டுமா, வாணாமா?"

"மலை சுத்தும்போது இன்னா பேச்சு? நட."

கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டினாள்.

கொஞ்ச தூரத்தில் அவளுடைய வெறுங்காலில் வேலமுள் ஏறியது. பாறையில் உட்கார்ந்து பிடுங்கப் பார்த்தாள். பாதி ஒடிந்து உள்ளேயே நின்றது. வேணு வளைவு தாண்டிப் போய்விட்டார். கூப்பிட அவளுக்கு ரோஷம். கூப்பிட்டாலும் பிரயோஜனமில்லை. மலை சுற்றக் கிளம்பிவிட்டால் வந்த வழியே திரும்பக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கறார். அடி அண்ணாமலை டீக்கடையில் குடையை மறந்துவிட்டு, நூறடி திரும்ப மாட்டாமல், மலையை மறுபடி முழுசாகச் சுற்றிவந்து எடுத்தவர். சுற்றிக்கொண்டு மத்தியானம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், அந்த முதுகு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. முகத்தை முன்பக்கமே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்து வைத்து, ரிவர்ஸில் வந்தார் வேணு. வேட்டி ஒரு முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

தனத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்டக்டர் மாதிரிக் குரல் கொடுத்தாள்: "வரலாம்... வரலாம்... பின்னால பள்ளம், ரைட்ல வாங்க... ஹோல்டான்."

நின்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அவள் கொடுத்த ஊக்கால் முள்ளை நெம்பி எடுத்தார்.

"முள்ளு குத்துனது எப்பிடித் தெரிஞ்சுது?"

"கொலுசுச் சத்தம் நின்னுபோச்சே."

இத்தனை வருஷமாக அந்த முதுகு கேட்டுக்கொண்டே போயிருக்கிறது.

வேணு அவள் பாதத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஜவ்வாது மலைக்கு ஒரு வண்டி போவுது. ராத்திரி அங்கயே ஹால்ட். மலை ரோடுன்னு ஒரு டிரைவரும் ஏற மாட்டான். அந்த வண்டிய எனக்குக் குடுங்கன்னு டிப்போவுல எழுதிக் குடுத்துக் கேட்டிருந்தேன். நேத்து சாயங்காலம்தான் சரின்னாங்க."

"நேத்தே சொல்றதுக்கு இன்னாவாம்?"

"ஆர்டர் கைக்கு வரட்டும்னு இருந்தேன். அந்தச் சத்தம் கேக்காத வூட்ல நான் மட்டும் இன்னா பண்ணுவேன், சொல்லு."

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ முன்னால நட" என்றார் வேணு.