அறுபத்திரண்டு பிள்ளைகள்

...என்னைத் தனியே ஒரு கதிரையில் இருத்திவிட்டு வகுப்பையே வெளியே கொண்டுபோய்விட்டாளே, ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளராகி இந்த ஒன்பது வருஷத்தில் எந்த ஆசிரிய மாணவிக்கு இப்படித் துணிவு வந்தது, மேற்பார்வைக்கு வந்தவள் வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். பஸ் புளியங்கூடலைத் தாண்டியும் எனக்கு ஆறவில்லை. கைப்பைக்குள் அந்த எமிலியின் மதிப்பீட்டுத் தாள், அதில் சிவப்பு மையில் 'சித்தியில்லை', எழுதும்போது தாள் கிழியாதது அதிசயம். இறுதி மதிப்பீட்டுப் பாடம், நியமனம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும், போகட்டும். ஊர்காவற்றுறையில் தகப்பன் கடலுக்குப் போகிறவர், அந்த வீட்டில் முதல் உத்தியோகம் இவளுக்குத்தான் வர இருந்தது, எல்லாம் தெரியும், தெரிந்துதான் எழுதினேன், இரக்கப்பட்டு ஆசிரியர்களை உருவாக்க முடியாது. பாடக்குறிப்பு எவ்வளவு அழகாக எழுதியிருந்தாள், ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள், முப்பத்தொரு பிள்ளைகள், மட்டையில் வெட்டிய வட்டங்கள்... மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, தலைமை ஆசிரியர் பரமலிங்கம் நாலாம் வகுப்பு முழுவதையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறார். "நாலாம் வகுப்பு ரீச்சர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போட்டா, பிள்ளை. ரெண்டு மாசமா ஒருத்தரும் இல்லை. இதுகளையும் ஒருக்கால் பாத்துக்கொள்ளும்." மனுஷனுக்குக் கண் இல்லையா, பின்னால் கதிரையில் நான் இருப்பது தெரியவில்லையா, பயிற்சிக்கு வந்தவளை வைத்து வெற்றிடம் நிரப்புகிறாரா? மாஸ்ரர், இது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்லவில்லை? குறிப்புப் புத்தகத்தில் நேரத்தை எழுதினேன்... ஒன்பது ஐம்பது, குழப்பம்.

எமிலி மட்டை வட்டங்களை மேசையில் வைத்துவிட்டு "எல்லாரும் வெளியிலை வாங்கோ" என்றாள், அவ்வளவுதான், அறுபத்திரண்டும் முற்றத்து மணலில். யன்னலால் எட்டிப் பார்த்தேன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, சோடி சோடியாகக் குந்தியிருந்து பனங்களியைக் காயவைத்துத் தின்கிற பனாட்டை மணலில் கீறிப் பங்கு பிரிக்கிறார்கள், பாதி, பாதியில் பாதி, "எட்டுத் துண்டிலை மூண்டை நீ திண்டா எனக்கு எவ்வளவு மிச்சம்?" என்று ஒரு சின்னப் பெட்டை தன்னிலும் பெரியவனோடு சண்டைக்கு நிற்கிறாள்... சந்தைச் சத்தம். வகுப்புக் கட்டுப்பாடு இல்லை, பாடக்குறிப்பைப் பின்பற்றவில்லை, சாதனங்களைப் பயன்படுத்தவில்லை, நான் எழுதியதில் எது பொய்? பாடம் முடிந்து விறாந்தையில் கேட்டேன், "நீர் ஏன் குறிப்பின்படி செய்யேல்லை?" சேலைக் கரையெல்லாம் மணல் அவளுக்கு. "மிஸ், குறிப்பு முப்பத்தொரு பேருக்கெல்லோ எழுதினனான். அறுபத்திரண்டு பேரை உள்ளுக்கை வைச்சு நீங்கள் எண்டா எப்பிடிப் படிப்பிச்சிருப்பியள்? சொல்லித் தாங்கோ, நாளைக்கும் ரெண்டு வகுப்புத்தான் தருவார்." திமிர், வேறென்ன? "எதிர்க்கதை கதையாதையும்" என்று தாளை நீட்டினேன். வாசித்தாள், அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "ஓம் மிஸ்" என்று கையெழுத்து வைத்துப் பேனாவை மூடித் தந்தாள்.

மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடினாளே அந்த நாலாம் வகுப்பு ரீச்சர், அவளைச் சொல்ல வேண்டும், பரமலிங்கத்தைச் சொல்ல வேண்டும், தீவுக்கு ஆள் போடாத கல்விக் கந்தோரைச் சொல்ல வேண்டும்... நீ மட்டும் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் படிப்பித்தாய், மீனலோசனி? பதினொரு மாதம். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்குத்தரின் கடிதம், காற்று என்னை ஒன்றும் செய்யவில்லை, சித்தப்பாவுக்குக் கந்தோரில் ஆள் இருந்தது. என் மூன்றாம் வகுப்பை அதற்குப் பிறகு எந்த வகுப்போடு சேர்த்தார்கள்? இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது கேட்டேனா? பிறகு பட்டணத்துப் பள்ளிக்கூடம், பிறகு கலாசாலை, வளர்ந்த பிள்ளைகள், வகுப்பறைக் கட்டுப்பாடு பற்றி வாரம் மூன்று விரிவுரை... தாளை வெளியே எடுத்தேன். அடியில் 'ஆலோசனைகள்' என்று ஐந்து வரி, கோபத்தில் நிரப்பவே இல்லை. 'இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்திருக்கும்போது' என்று தொடங்கினேன். வைத்திருக்கும்போது... என்ன செய்ய வேண்டும்? பஸ் குலுங்கியது, பேனா நின்ற இடத்திலேயே மை ஊறிப் பெருத்தது. வைத்திருக்கும்போது, வைத்திருக்கும்போது... "இறக்கம்!" யார் கத்தியது, நானா? கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான். "யாழ்ப்பாணத்துக்கெல்லோ ரிக்கற் எடுத்தனீங்கள் ரீச்சர், இது சரவணை." இறங்கி றோட்டைக் கடந்து, வந்த வழியே பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப, ஊர்காவற்றுறைப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றேன், வெயில் மண்டையைப் பிளந்தது, கோபம் ஒரு துளி குறையவில்லை. 'சித்தியில்லை'யை வெட்டுவதென்றால் இங்கேயே வெட்டலாமே, பேனா கையில்தானே இருக்கிறது, அதற்கு ஏன் திரும்பிப் போக வேண்டும்? அந்த ஐந்து வரியில் என்ன எழுதுவதென்று... அதை அவளிடமா கேட்கப் போகிறேன்?