ஹெரெவாருவின் கொம்பு

எங்கள் அரசர் இறந்த ஒன்பதாம் நாள் ராணி ஹெரெவாரு மது குடிக்கும் மாட்டுக்கொம்பைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்த தேன்மது விழவில்லை. பார்லி அறுவடை அப்போது பாதி முடிந்திருந்தது.

எங்கள் மண்டபத்தில் ராணி கையால் முதல் கொம்பு வாங்கிக் குடிப்பவனே அரசன். பிறகு மற்றவர்கள் தகுதி வரிசையில் குடிப்பார்கள். அப்படிக் குடித்தவன்தான் அரசனுக்காக ஈட்டி எடுப்பான். புது அரசனுக்கு விதவை ராணியும் சேர்த்துத்தான். ஆகவே மூத்தாள் மகன் விக்பால்ட் தலை வாரிக்கொண்டு முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவனைக் கட்டிக்கொள்ள ராணிக்கு இஷ்டமில்லை என்பது சமையல்காரிகள்வரை தெரியும். அவளிடம்தான் யாரும் கேட்கவில்லை.

"சித்தி, இன்னும் கொஞ்சம் சாய்ங்க," என்றான், வாயைத் திறந்தபடி.

"நேத்துவரைக்கும் சித்தி, நாளைக்குப் பொண்டாட்டி. மதுவுக்கே கூச்சமா இருக்கு போல," என்றார் கிழட்டு வீரர் டுட்டா. மண்டபமே சிரித்தது. விக்பால்டின் முகத்தில் ஈயாடவில்லை.

வேறு கொம்பில் ஊற்றிப் பார்த்தார்கள், அதிலும் அப்படியே. பழைய கொம்பின் அடியில் கொல்லன் ஓட்டை போட்டான். பாதிரியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். தண்ணீர் வழிந்தது, மது அசையவில்லை. முதல்வன் குடிக்காமல் அடுத்தவன் குடிக்கக் கூடாதென்பதால் நாற்பது வீரர்கள் மூன்று நாள் வறண்ட நாக்கோடு வரிசை கலையாமல் இருந்தார்கள். நாலாம் நாள் பக்கத்து நாட்டு எதிரிகளான மெர்சியாக்காரர்கள் ஆற்றின் அக்கரையில் கூடாரம் அடித்தார்கள். எங்கள் ஆட்களோ குடிக்காமல் ஈட்டியைத் தொட மாட்டார்கள். அறுக்காத பாதி வயலும் எரியப்போகிறது என்று பயந்தோம்.

"தாயி, நீங்களே குடிச்சுப் பாருங்களேன்," என்றார் டுட்டா. "இங்க தொண்டை காயுது."

ராணி கொம்பைத் தூக்கித் தன் வாயில் சாய்த்தாள், மது வந்தது. கொல்லன் போட்ட ஓட்டையிலும் ஒழுகியது, விரலால் அடைத்துக்கொண்டாள். பிறகு வரிசையாகக் கொடுத்தாள், கடைசியில் விக்பால்டுக்கு.

"சித்தின்னே கூப்பிடலாமில்ல?" என்றான்.

"கூப்பிடு," என்றாள்.

குடித்தவர்கள் ஈட்டி எடுத்தார்கள், பொழுது சாய்வதற்குள் மெர்சியாக்காரர்கள் ஓடிவிட்டார்கள். அவள் பதினோரு ஆண்டுகள் ஆண்டாள். அரசர் பட்டியல் எழுதிய துறவி அந்த ஆண்டுகளுக்கு எதிரே 'அரசன் இல்லை' என்று எழுதினார். தப்பென்று சொல்ல முடியாது.

அவள் இறந்த ஒன்பதாம் நாள் விக்பால்டின் மனைவி கொம்போடு அவனிடம் வந்தாள். தலை நரைத்திருந்த விக்பால்ட் அதை வாங்கி மகளிடம் நீட்டினான்.

"இதுக்கு யார் வாய் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். நீ குடி."

கவிழ்த்துப் பார்க்கலாமென்று யாரும் சொல்லவில்லை. மகள் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு குடித்தாள்.