பூதக்கண்ணாடியின் காட்டுப் பந்தயம்

இதனால் சகலருக்கும், குறிப்பாக இரண்டு சக்கரத்தின் மேல் ஏறி உட்காரத் துணிந்த மனிதகுலத்துக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: காப்பீட்டு அலுவலகத்தின் மூத்த இழப்பீட்டு ஆய்வாளர், தொப்பை விழுந்த பிறகு, வரலாற்றில் முதன்முறையாகக் காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்கிறார். வரலாறு என்பது அவருடைய வரலாறு. மற்றவர்களுடைய வரலாற்றுக்கு அன்று வேறு வேலை இருந்தது.

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். விபத்தில் கால் ஒடிந்தவன் நொண்டிக்கொண்டு வந்து நின்றால், "போன தடவை இடது கால்தானே நொண்டினே?" என்று கேட்பார். அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்காகவே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்பு என்றால் உடம்பு ஒத்துக்கொள்ளுமா?

பந்தய வண்டியை அவர் வீட்டில் யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். மனைவி சண்டை போடவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

"என்னங்க, ஒரே ஒரு பந்தயம். முழுசா முடிச்சுட்டு வந்தீங்கன்னா வண்டி வீட்டுல இருக்கட்டும், நான் வாயே திறக்கல. முடிக்கலைன்னா வித்துடணும். சரியா?"

சரி என்றார். பிறகுதான் அவளுடைய தம்பியும் அதே பந்தயத்தில் ஓட்டுகிறான் என்று தெரிந்தது. அக்காளும் தம்பியும் கூட்டு. தன்னை முடிக்கவிடாமல் செய்து வண்டியை அவன் அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போகப் போகிறான். இதற்குமேல் ஆதாரம் வேண்டுமா?

ஆதாரம் பந்தயத்தன்று காலையிலேயே கிடைத்தது. காட்டோர மைதானத்தில் மைத்துனன் அவருடைய வண்டியின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தான். 'புஸ்' என்று ஒரு சத்தம்.

"டேய் மாப்ள, என்னடா பண்றே?"

"காத்தைக் கொஞ்சம் இறக்குறேன் மாமா. டயர் கல்லு மாதிரி இருக்கு. வேர் மேல ஏறினா தூக்கி அடிச்சிடும்."

"கையும் களவுமா பிடிச்சப்புறம் கதை விடுறியா?"

"என் வண்டியைத் தொட்டுப் பாருங்க. அதுலயும் இறக்கியிருக்கேன்."

"அது என்னை நம்ப வைக்கிறதுக்கு."

மைத்துனன் வானத்தைப் பார்த்தான். பூதக்கண்ணாடி பம்ப்பை எடுத்து, போன காற்றுக்கு வட்டியும் சேர்த்து அடித்தார்.

அந்நேரம் பார்த்து ஓர் அம்மாள் முக்காலி மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் விதிகளைச் சொன்னாள். காட்டுக்குள் மூன்று சாவடிகள். ஒவ்வொன்றிலும் வண்டியின் எண் பலகையில் மஞ்சள் நாடா ஒன்று ஒட்டுவார்கள். முடிவுக்கோட்டில் மூன்று நாடாவும் பலகையில் இருந்தால்தான் பந்தயத்தை முடித்ததாகக் கணக்கு. எல்லோரும் கேட்டார்கள். நம்மவர் காற்றடித்துக்கொண்டே, மைத்துனன் பெட்ரோல் குழாயைத் தொடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண் அங்கே இருந்ததில் காது வேலை செய்யவில்லை.

கொடி அசைந்தது. முதல் வளைவிலேயே ஒரு வேர் அவரைப் பந்துபோலத் தூக்கிப் புதருக்குள் போட்டது. "பாத்தியா, என்னமோ பண்ணிட்டான்!" என்று கல்லாக விறைத்து நின்ற டயரிடமே முறையிட்டார்.

மரங்களில் அம்புக்குறி அடித்திருந்தார்கள். யாராவது திருப்பி வைத்திருந்தால்? ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஆணியை ஆட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா? வழிய விடுங்க!" என்று பின்னால் வந்தவன் அலறினான்.

முதல் சாவடியில் ஒரு மீசைக்காரர் எண் பலகையில் நாடாவை ஒட்டினார்.

"என்னய்யா இது?"

"நாடா சார். எல்லாருக்கும் ஒட்டுறோம். கிளம்புங்க, கிளம்புங்க."

'எல்லாருக்கும்' என்று சொன்ன எவனும் அவருடைய மேசைக்கு முன்னால் உண்மை பேசியதில்லை. அடையாளம் வைக்கிறார்கள்! மஞ்சளைப் பார்த்ததும் முன்னால் எவனோ மறிக்கப் போகிறான். அடுத்த வளைவில் நிறுத்தினார். நாடாவை நுனி கிழியாமல் உரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் பத்திரப்படுத்தினார். பின்னால் வழக்கு என்று வந்தால் உதவும். இரண்டாம் சாவடியிலும் அதே மஞ்சள், மூன்றாவதிலும் அதே மஞ்சள். அம்மாடி, எவ்வளவு பெரிய வலை!

வலை எங்கேயும் மறிக்கவில்லை. ஏழெட்டு முறை விழுந்து, பல்லில்கூடச் சேறு அப்பி, கடைசி ஆளாக முடிவுக்கோட்டைத் தாண்டினார். மனைவி ஓடி வந்தாள். "முடிச்சுட்டீங்களே! நெஜமாவே முடிச்சுட்டீங்களே!" என்று சேற்றோடு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முகத்தில் கள்ளம் தேடினார். கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தேடுவதை நிறுத்தினார்.

ஒலிபெருக்கி அம்மாள் எண் பலகையைப் பார்த்தாள். "நாடா எங்கே சார்?"

பூதக்கண்ணாடி கம்பீரமாக உறையை எடுத்து நீட்டினார். மூன்றும் இருந்தன.

"பலகையில இருக்கணும் சார். கையில இருந்தா செல்லாது."

"நான்தாம்மா உரிச்சேன்!"

"வழியில கிடந்ததைப் பொறுக்கினீங்களோ என்னமோ. எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னை நம்பலையா?"

"இங்க பலகையில இருக்கிறதுதான் கணக்கு சார், நம்பிக்கை இல்ல."

மைத்துனன் குறுக்கே பாய்ந்தான். "அம்மா, மாமா பொய் சொல்ற ஆள் இல்ல. மாமா வர்றாரான்னு ரெண்டாவது சாவடியில நின்னு, நாடா ஒட்டுறதை நானே பாத்தேன். மனுஷன் விழுந்து எழுந்து வந்திருக்கார்மா!"

"நீங்க அவருக்குச் சொந்தமா?"

"மச்சினன்."

"சரிதான்" என்று அம்மாள் பேனாவை மூடினாள்.

பூதக்கண்ணாடி உறையை மறுபடி சட்டைக்குள் வைத்தார். அந்த அம்மாள் கேட்டதெல்லாம் அவர் தினமும் கேட்கிற கேள்விகள்தாம். மனைவி பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி விற்றுப்போனது.