மூன்றாவது கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய் ஒன்றுமில்லை. போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். அவளுக்கு வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. "சித்தி, நீங்க ஆறு வருஷம் அந்த மாதிரி வேலை பார்த்தீங்களே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சு" என்றேன். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'நல்லா'வுக்குள் ஒரு தாள் மடிந்து கிடக்கிறது. அதில் பதினோரு கையெழுத்துகள். அதைச் சொல்லாமல் விட்டது பாதிப் பொய். அந்தப் பாதியை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: விமானம் தரையைத் தொட்டபோது என் அடிவயிற்றில் ஏதோ —

வேண்டாம். விமானத்தில் நன்றாகத் தூங்கினேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுப்பிவிட்டுத்தான் இறங்கினேன்.

இரண்டாம் தொடக்கம்: முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண் தன்னந்தனியாக —

இதுவும் ஆகாது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடம் இயற்பியல் நடத்தியவள். குளியலறையோடு ஒரு மாடி அறையை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான் போனேன். தன்னந்தனியாக என்றும் சொல்ல முடியாது, கீழ்வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

2

வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். மகளுக்குப் பதின்மூன்று வயது. நான் சேர்ந்த பள்ளியில், என் வகுப்பிலேயே படித்தாள். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே 'ஏன்'தான். "ஏன் எங்கே? சாப்பிட வரச் சொல்லுங்க" என்று அம்மாக்காரி கூப்பிடுவது மாடிவரை கேட்கும்.

(இவர்கள் யாரும் தமிழ் பேசியவர்கள் இல்லை. நான் ஒரு வருடம் படித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய அவர்கள் மொழியில்தான் பேசினார்கள். 'டீச்சர்' எல்லாம் நான் மாட்டிவிட்டது. ஆனால் நினைவில் அவர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள். ஓட்டுநரை அக்கா என்று நினைக்காமல் எனக்கு நினைக்கத் தெரியவில்லை.)

காலை ஏழு பத்துக்கு அக்காவின் பேருந்து தெருமுனைக்கு வரும். முதல் நாள் ஏறியதும் கேட்டாள்.

"எங்க இறங்கணும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது. என் பின்னாடி உட்காருங்க."

அன்றிலிருந்து அந்த இருக்கை எனக்கு. பள்ளியில் ஆசிரியர் அறையில் ஒரு கொக்கி கிடைத்தது, என் கோட்டுக்கு. ஒரு கோப்பை கிடைத்தது. அதில் எனக்கு முன்பு இருந்தவரின் பெயர் ஒட்டியிருந்தது. யாரும் கிழிக்கவில்லை, நானும் கிழிக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். நம்மைப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். 'ஏன்' மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் அவள் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

3

ஏழாவது வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னாலே நல்ல சேதி இல்லை, அது எந்த ஊர்ப் பள்ளியிலும் அப்படித்தான்.

"பெற்றோர் ஒரு மனு கொடுத்திருக்காங்க. மறைச்சு வைக்கிறதைவிட நீங்க படிக்கிறது நல்லது."

பெயர்கள் இருந்த ஓரத்தை மட்டும் ஒரு கோப்பால் மூடி நீட்டினார். 'புதிய ஆசிரியை நடத்துவது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வகுப்பில் சிரிப்புச் சத்தம்தான் கேட்கிறது. வேறொருவரை நியமிக்க வேண்டுகிறோம்.' கீழே பதினோரு கையெழுத்துகள். மூன்றாவது எனக்குத் தெரிந்தது. நேராக ஓடி, சட்டென்று வளைந்து, கீழே இறங்கும் ஒரு கோடு, சுவரோரம் திரும்பும் குழாய் போல. என் வாடகை ஒப்பந்தத்திலும் அதே கோடுதான்.

தேதி, திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் மதியம் அவர்கள் மேசையில் சாப்பிட்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க டீச்சர்" என்று பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தியவர் இதே வீட்டுக்காரர்.

"சோதனைக் காலம் முடிய ஆறு வாரம் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "கடைசி வாரம் நான் உங்க வகுப்புல வந்து உட்காருவேன்."

ஊரில் நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். திரும்பிப் போனால் 'என்னாச்சு' என்று கேட்க ஒரு தெருவே காத்திருக்கும். அதைவிட, அன்று சாயங்காலம் அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டி மாடி ஏறியதுதான் கஷ்டமாக இருந்தது. "இப்பதான் வர்றீங்களா?" என்று வீட்டுக்காரர் எப்போதும்போலக் கேட்டார். ஆமாம் என்றேன்.

4

இந்த இடத்தில் மூன்று வரைவுகள் வீணாகின. முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசை வைத்து வில்லனாக்கினேன். அவருக்கு மீசையே கிடையாது. அடுத்ததில் நல்லவராக்கினேன். நாலு பேர் கட்டாயப்படுத்தியதால் கையெழுத்துப் போட்டார் என்று எழுதினேன். அப்படி நடந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மூன்றாவதில் அக்காவைப் பேசவைத்தேன்:

"அவர் பேனாவை எடுத்தா யோசிக்க மாட்டார் டீச்சர். மனசுல வச்சுக்காதீங்க."

வாசிக்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அக்கா இதைச் சொல்லவே இல்லை. ஆகவே அடித்துவிடுகிறேன். மறுநாள் பேருந்தில் அவள் சொன்னதெல்லாம், "தலைவலியா? ஜன்னலைத் திறந்துக்குங்க."

5

நான் வேறு அறை தேடினேன். சலவைக் கடை ஒன்றின் மேலே கிடைத்தது. மாதம் பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த வாரம் பார்த்துத்தானா கைகழுவும் தொட்டிக்கடியில் குழாய் ஒழுக வேண்டும்? வேறு யாரைக் கூப்பிடுவது?

ஞாயிறு காலை வந்தார். தொட்டிக்கடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும். கோபம் வந்தால் சிலர் கதவை அறைவார்கள். நான் புத்தகத்தை எடுத்து மறுநாள் பாடத்தை உரக்க நடத்த ஆரம்பித்தேன், அந்தக் கால்களுக்கு.

"திரவத்தில் ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும்."

கீழே திருகுசாவிச் சத்தம் நின்றது.

"என்ன கூடும் டீச்சர்?"

"அழுத்தம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அழுத்தம்."

பிறகு கால்கள் குலுங்கின. தலையைத் தொட்டியில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார், கண்ணில் தண்ணீரோடு.

"நீங்க சொல்றது மாமியார்."

அவர்கள் மொழியில் இரண்டு சொல்லுக்கும் ஒரு நெடில்தான் வித்தியாசம். நான் குறிலை நெடிலாக்கியிருக்கிறேன். ஆறேழு வாரமாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல், முப்பது பிள்ளைகளுக்கு மாமியாரை நடத்தியிருக்கிறேன்.

"அப்ப போன வாரம், அது எல்லாத் திசையிலும் சமமாச் செயல்படும்னு..."

"அது சரிதான் டீச்சர். எங்க வீட்டுல அப்படித்தான்."

நானும் சிரித்துவிட்டேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகு முதல் தடவையாக. சிரித்து ஓய்ந்ததும் அவர் கையைத் துணியில் துடைத்தார். ஒரு விரல் விடாமல் துடைத்தார்.

"பொண்ணு சொன்னா. டீச்சர் என்னவோ சொல்றாங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் ஏறலன்னு அழுதா. நான் வந்து —"

(மேலே பாதியில் நிற்பது நான் கைவிட்ட வாக்கியம் இல்லை. அவர் கைவிட்டது. இத்தனை வருடத்தில் அதை அவருக்காகப் பலவிதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அவர் குரலில் வரவில்லை.)

"அடுத்த வரி படிங்க" என்றார்.

6

அடுத்த ஞாயிறும் வந்தார், கருவிப் பையோடு. "குழாயை ஒரு தடவை பார்த்துடறேன்." குழாய்க்கு ஒரு குறையும் இல்லை. குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் பாடம் நடத்தினேன். இடையிடையே தயவு தாட்சண்யமே இல்லாமல் "புரியல" என்றார். இன்னொரு முறை சொல்வேன். ஐந்து ஞாயிறு இப்படிப் போயின. சலவைக் கடைக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் பரிகாரம் செய்தாரா, மகளின் படிப்பைக் காப்பாற்றினாரா, இல்லை ஒழுகுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஆளா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் தோன்றுகிறது.

கடைசி வாரம் தலைமையாசிரியை பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். 'ஏன்' கையைத் தூக்கினாள்.

"ஏன் டீச்சர், தண்ணித் தொட்டிய எப்பவும் மேல வைக்கிறாங்க?"

தலைமையாசிரியை என்னமோ எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கைக்கு வந்தது. "அந்த மனு?" என்று கேட்டேன். "கோப்புல இருக்கு. யாரும் திருப்பிக் கேட்கல" என்றார்.

ஆறு வருடம் இருந்தேன். கோப்பையில் என் பெயர் ஏறியது. மற்றவர்களின் பிறந்தநாள்களுக்கு நானும் பங்கு போட்டேன். அக்காவின் பேருந்தில் ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்து "இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாலையில் மாடிப்படி ஏறும்போது கீழ்வீட்டு வெந்நீர்க் குழாய் சுவருக்குள் முணுமுணுக்கும். இப்போது என் சொந்த வீட்டில் எந்தச் சுவரும் பேசுவதில்லை. அந்தச் சத்தத்துக்காகவே மறுபடியும் போகலாம் என்று சில நாள் தோன்றும்.

7

அக்காவுக்கு — சொந்த அக்காவுக்கு — உடம்பு சரியில்லாமல் போனதால் திரும்பினேன். கிளம்பிய நாள், ஓட்டுநர் அக்கா வேலை முறையை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தைத் தானே எடுத்து வந்தாள். வீட்டுக்காரர் என் பெட்டியை மாடியிலிருந்து இறக்கினார். படியில் இடித்து ஒரு சக்கரம் தனியாக வந்துவிட்டது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு வேறொரு வீட்டில் அவசர வேலை, நிலையம்வரை வர முடியாது. பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டு, கீழே நின்று சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்."

எதை? சக்கரத்தையா? கூட வராததையா? அந்தக் கையெழுத்தை நான் பார்த்தது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் "எதைச் சொல்றீங்க?" என்று கேட்கிறேன். சக்கரம் என்று அவர் சொல்லிவிட்டால்? இன்னொன்றில் "அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன்" என்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாதிருந்தால், அன்றுதான் தெரிந்துகொள்வார், நான் போன பிறகு தனியாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவதில் சிரித்துச் சமாளிக்கிறேன். ஆறு வருடச் சாப்பாட்டுக்கு அது போதாது. நான் உண்மையில் சொன்னது இந்த மூன்றையும்விட மோசம், அதனால் எழுதவில்லை.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். அவர் ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்புகிறது. அக்கா கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கதவை மூடாமல் வைத்திருக்கிறாள்.