ரோபோவின் மணிக்கட்டில் சிவப்பு விளக்கு

அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் ரோபோ சார் வீட்டுக்கு வழி சொல்வார்கள். மூன்றாம் மாடி, இடது பக்கம். இத்தனைக்கும் அவர் தொழில் தச்சு. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் ‘பதினேழாம் கலம்’ என்ற விண்வெளித் தொடருக்கு செட் போடப் போன இடத்தில், பிளைவுட்டையும் அலுமினியத் தகட்டையும் வைத்து ஒரு ரோபோ செய்து கொடுத்தார். அளவு சரியா என்று உள்ளே நுழைந்து பார்த்தவரை, “நீயே இருந்துடுப்பா, உன் உசரத்துக்கு வேற ஆளை எங்க போய்த் தேடுறது” என்று டைரக்டர் உள்ளேயே வைத்துத் திருகாணி போட்டுவிட்டார். குரல் கொடுத்தது வேறு ஆள். நடந்தது, நின்றது, வியர்த்தது எல்லாம் இவர்.

அன்றிலிருந்து பால்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் பல் டாக்டருக்கும் அவர் ரோபோ சார். மனைவி, ரோபோ வீட்டம்மா. அவளும் அதே ஸ்டுடியோவில் தையல் பிரிவில் வேலை பார்த்தவள்தான். அது யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

இப்போது அந்தத் தொடரைத் தேடி எடுத்து, கீறல் நீக்கி, கறை துடைத்து, எச்.டி.யில் வெளியிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? சுவரில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு டிவியைக் கொண்டுவந்து மாமனார் வீட்டில் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவரும் மகளும் டாணென்று வந்து நிற்பார்கள். வாரம் இரண்டு பகுதி, மொத்தம் இருபத்தாறு.

மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் அந்தத் தொடரின் பைத்தியம். காதலிக்கிற காலத்தில் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது, அரை மணி நேரம் ரோபோ சாரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெண் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். மனிதர் காதில் விழவில்லை.

எச்.டி. என்பது பொல்லாத சாமான். அந்தக் காலத்துப் பெட்டியில் மங்கலாகத் தெரிந்ததெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிந்து மானத்தை வாங்கியது. செவ்வாய் கிரகத்து மலைகள் சாக்குத்துணி. ஒரு சிகரத்தில் சிமென்ட் கம்பெனியின் முத்திரைகூட இருந்தது. வேற்றுக்கிரக ராணியின் கிரீடம் காய்கறி வடிகட்டி. கேப்டனின் நெற்றியில் விக் ஒட்டிய பசை பட்டையாக மினுங்கியது. ரோபோ சாருக்கு ஒரே குஷி. ஒவ்வொன்றுக்கும் படத்தை நிறுத்தச் சொல்லி, அதைச் செய்த கதையைச் சொன்னார். மனைவி மட்டும் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

“காலர் கோணல். அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போகும்போது கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

அது அவள் வழக்கம். ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பதில்லை. குளித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை இரண்டு முறை இருட்டில் சோப்பைத் தேடியிருக்கிறார்.

ஆறாவது வாரம், பதினோராம் பகுதியில்தான் வினை வந்தது. ரோபோ படியேறியது. அதன் கணுக்கால் இடைவெளியில் ஒரு நீலக் காலுறை தெரிந்தது. அதில் ஒரு ஓட்டையும் தெரிந்தது.

“அப்பா, உங்க சாக்ஸ்ல ஓட்டை” என்றாள் மகள்.

எல்லாரும் சிரித்தார்கள். ரோபோ சாரும் சிரித்தார். பாதியிலேயே அவர் சிரிப்பு நின்றுபோனது. காலுறை ஓட்டையே தெரிகிறதென்றால், இருபத்தாறாம் பகுதியில் என்னவெல்லாம் தெரியும்?

அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்து அழாதவர்கள் அந்தத் தலைமுறையில் கிடையாது. கலத்தைக் கைவிட்டு எல்லாரும் போகிறார்கள். கடைசியாக ரோபோவும் வாசல் வரை போகிறது. நிற்கிறது. திரும்புகிறது. சுவரிலிருக்கும் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைக்கிறது. அரை இருட்டில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. பிறகு போய்விடுகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கை அணைத்தது வசனத்தாளில் இல்லவே இல்லை. ரோபோ சார் அந்தக் கதையை நூறு இடத்திலாவது சொல்லியிருப்பார். “சொந்த வீட்டை விட்டுப் போற மாதிரி மனசுல பட்டுச்சு, கை தானாப் போச்சு. அப்புறம் மனசுக்குள்ள மூணு எண்ணினேன்.” குடியிருப்புச் சங்கம் அதற்காக ஒரு கேடயமே கொடுத்திருக்கிறது. அது டிவிக்கு மேலே இருக்கிறது.

போதாக்குறைக்கு, அந்தக் காட்சியில் மட்டும் ரோபோவின் இடது மணிக்கட்டு இடைவெளியில் சிவப்பாக ஏதோ மின்னும். வேறெந்தப் பகுதியிலும் கிடையாது. இயந்திரத்துக்கு இதயம் பிறந்ததைக் காட்டும் விளக்கு அது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். எழுதியதோடு விட்டாரா? தன் இடது மணிக்கட்டில் அதே இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டைப் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காட்சி படமானபோது ரோபோ சார் கக்கூஸில் இருந்தார்.

கேன்டீன் சாப்பாடு செய்த வேலை. மாலைக்குள் செட்டைப் பிரித்தாக வேண்டும், டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். ரோபோவின் மூட்டுகளில் வரும் துணியைத் தைக்க வந்திருந்த மனைவி, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, புருஷனைத் திட்டிவிடப் போகிறார்களே என்று தானே உள்ளே நுழைந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே உயரம். கூட்டாளித் தச்சர் பின்னால் திருகாணியை முடுக்கினார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவசரத்தில் அவள் கையிலிருந்ததைக் கழற்ற மறந்துபோனாள்: தையல்காரர்கள் குண்டூசி குத்தி வைக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிவப்பு ஊசிப்பஞ்சு.

முதல் தடவை யாரோ “பிரமாதம்பா” என்று தோளைத் தட்டியபோது ரோபோ சார் சும்மா சிரித்துவைத்தார். பக்கத்தில் நின்ற அவளும் சிரித்தாள். அடுத்த தடவை “தேங்க்ஸ்” என்றார். மூன்றாவது தடவை கதை வந்துவிட்டது. பிறகு முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தக் காட்சி டிவியில் வரும்போதெல்லாம் அவளுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை இருக்கும்.

அந்த வாரத்திலிருந்து ரோபோ சார் செய்யாத தில்லுமுல்லு இல்லை. ஒரு ஞாயிறு தலைவலி என்றார். ஒரு ஞாயிறு ரிமோட்டைக் காணோம். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள், எப்படிப் போனது என்று கேட்கவில்லை. “பழைய படந்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி மாப்பிள்ளை, இதுல எல்லாம் ரொம்பத் தெரியுது” என்று ஒரு பிரசங்கமே செய்தார். மாப்பிள்ளை மசியவில்லை.

கடைசி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, மனைவி காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, தனியாக அந்தக் காட்சியைப் போட்டார். பயந்தது சரிதான். ஊசிப்பஞ்சு அங்கே இருந்தது. குண்டூசிகளை எண்ணவே முடிந்தது, ஏழு. ஒரு தையல் ஊசி, அதில் நூல்கூடக் கோத்திருந்தது. எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. விளக்கை அணைத்ததும் வாசல் வெளிச்சம் ரோபோவின் முகத்தில் விழுந்தது. கண்ணுக்கு வெட்டிய துவாரத்தில், அவர் தன் கையால் ஒட்டிய கொசுவலைக்குப் பின்னால், இரண்டு கண்கள் அகலமாக விழித்துக்கொண்டிருந்தன. இருபத்துநாலு வயதுப் பெண்ணின் கண்கள். அன்று அவர் இருந்த இடத்தில் இதைப் பார்க்க வசதியில்லை. திருப்பித் திருப்பி நான்கு தடவை பார்த்தார்.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். மாமா கடைசிக் காட்சியைப் பார்ப்பதை ரசிகர் குழுவுக்காகப் படம் பிடிக்க, செல்போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி அவர் முகத்துக்கு நேராக வைத்தார். காட்சி நெருங்கும்போது மனைவி எழுந்தாள்.

“இன்னிக்கு நீ இங்கயே உக்காரு” என்றார் ரோபோ சார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

ரோபோ நின்றது. திரும்பியது. கை சுவிட்சுக்குப் போனது. மாப்பிள்ளை படத்தை நிறுத்தினார். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்.

“மாமா, இது விளக்கு இல்ல” என்றார் மெதுவாக. “இதுல குண்டூசி குத்தியிருக்கு.”

ரோபோ சார் டிவிக்கு மேலே இருந்த கேடயத்தைப் பார்த்தார்.

“அதுவா, அது என்னோட ஊசிப்பஞ்சு மாப்பிள்ளை” என்றாள் மனைவி. “மூட்டுல தையல் பிரிஞ்சிருந்துச்சு. தைக்கும்போது வசதிக்கு அவர் கையில கட்டினேன், எடுக்க மறந்துட்டேன். நல்லவேளை, யாரும் திட்டல.”

தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். இவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. தலையை ஆட்டினால் போதும், கேடயம் அதன் இடத்தில் இருக்கும். அவர் தலை பாதி ஆடியும்விட்டது. அப்போது திரையில் நின்றுபோன அந்தக் கை கண்ணில் பட்டது. அந்தக் கை அவரை ஒரு தடவை காப்பாற்றியது போதாதா?

“உள்ள இருந்தது நான் இல்ல மாப்பிள்ளை” என்றார்.

“அப்போ யாரு?”

“உங்க அத்தை.”

“நீங்க எங்க மாமா இருந்தீங்க?”

“கக்கூஸ்ல.”

மகள் சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, “மனசுக்குள்ள மூணு எண்ணினதாச் சொன்னீங்களே” என்றார் பாவமாக.

“அங்கயும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.”

செல்போனில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது. அணைக்கப் போன மாப்பிள்ளையை அவர் தடுத்தார். “ஓடட்டும் விடுங்க. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள். “ஏம்மா, இத்தனை வருஷமா நீ ஏன் சொல்லல?”

“நான் வேற சொல்லணுமா? இந்த வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை தடவை லைட்டை அணைக்கிறேன். பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க மூணு பேரும்.”

மாப்பிள்ளை அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அத்தை, அதை அணைக்கும்போது என்ன நினைச்சீங்க?”

“என்ன நினைக்கிறது? ஆள் இல்லாத ரூம்ல லைட் எரிஞ்சுது. சுவிட்சும் நிஜ சுவிட்சு, இவர்தான் ஒயர் கொடுத்து வச்சிருந்தார். அணைச்ச அப்புறந்தான் நான் ரோபோன்னு ஞாபகம் வந்துச்சு.”

“அப்புறம் ஒரு நிமிஷம் அசையாம நின்னீங்களே. அதைப் பத்தி மட்டுமே பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கேன்.”

அவள் புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“பயந்து நின்னேன். ஷாட்டைக் கெடுத்துட்டேன், இவர் வேலை போயிடப் போகுதுன்னு. கால் நகரவே இல்ல.”

கக்கூஸ் என்று சொன்னபோது வராத வெட்கம் இப்போது வந்தது அவருக்கு. அந்த ஒரு கணத்தைத்தானே ஊரெல்லாம் தன் பெயரில் விற்றார்.

“நான் ஒரு தடவைகூட உன்னைக் கேக்கலையே” என்றார்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. பிறகு அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, “முதல்ல இருந்து போடுங்க. நான் இதை ஒழுங்காப் பார்த்ததே இல்ல” என்றாள்.

போட்டார்கள். கன்னத்தில் கை வைத்து, இமைக்காமல் பார்த்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன, துடைக்கவில்லை. விளக்கு அணைந்து ரோபோ வாசலைத் தாண்டியதும், “தோள்ல தையல் தூக்கிட்டு நிக்குது பாருங்க” என்றாள். “மத்தபடி நல்லாத்தான் பண்ணியிருக்கேன்.”

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு நின்றுகொண்டு, “ரோபோ சார், கேன்” என்று குரல் கொடுத்தார். அவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே திரும்பினார்.

“இந்தாம்மா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க.”

கேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி அவள் வந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“உள்ள வைங்க” என்றாள் ரோபோ.